மண்ணுக்குள் கிடக்கும் தாழி

வணக்கம் நேயர்களே. வைன் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் ஒரு மண் தாழியைப் பற்றிப் பேசப்போகிறேன். காக்கசஸ் மலைகளுக்குத் தெற்கே இருக்கிற ஜார்ஜியா நாட்டில் அதற்கு க்வெவ்ரி என்று பெயர். முட்டை வடிவம், அடிப்பக்கம் கூம்பிப் போகும், ஒரு ஆள் உள்ளே இறங்கிக் கழுவுகிற அளவுக்குப் பெரியவையும் உண்டு. தாழியைக் கழுத்து வரைக்கும் மண்ணில் புதைத்துவிடுவார்கள்.

இலையுதிர் காலத்தில் திராட்சையை மிதித்து, சாறு, தோல், விதை, சில ஊர்களில் காம்பும் சேர்த்தே உள்ளே கொட்டுகிறார்கள். ஈஸ்ட் தனியாகப் போடுவதில்லை, பழத்தோடு வருவதே போதும். நுரைத்துப் பொங்கும்போது தோல் மேலே மிதந்து வரும். அதை ஒரு நாளைக்குப் பல தடவை நீளக் கழியால் உள்ளே அமுக்கிவிட வேண்டும், ராத்திரியிலும்கூட. பொங்கல் அடங்கியதும் வாயை மூடிப் பூசிவிட்டால் வசந்தகாலம் வரை தொடுவதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது உள்ளே நடப்பதுதான். விதைகள் முதலில் இறங்கிக் கூம்பின் நுனியில் சேர்ந்துவிடும், அதன்மேல் தோலும் மண்டியும் படிந்து மூடிக்கொள்ளும், அதனால் விதையின் கசப்பு மேலே இருக்கும் வைனுக்கு அதிகம் ஏறுவதில்லை. வடிகட்டியின் வேலையைத் தாழியின் வடிவமே பார்த்துக்கொள்கிறது! வெள்ளைத் திராட்சையில் செய்தாலும் தோலோடு மாதக்கணக்கில் கிடப்பதால் தேன் நிறம் வந்துவிடும், நாக்கில் நல்ல துவர்ப்பு நிற்கும்.

அங்கே தலைநகர் திபிலிசிக்குத் தெற்கே கிடைத்த மண்ஜாடித் துண்டுகளில் சுமார் 8,000 வருஷத்துக்கு முந்தைய வைனின் எச்சம் இருப்பதாக 2017-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவ்வளவு பழைய வழக்கம் சோவியத் காலத்தில் கிட்டத்தட்ட ஓரங்கட்டப்பட்டது. தொழிற்சாலைக்கு அளவுதான் முக்கியம், அதனால் 500-க்கும் மேற்பட்ட உள்ளூர் திராட்சை வகைகளில் ரகத்சிதேலி, சபெராவி மாதிரி சிலதான் பெரிய தோட்டங்களில் நின்றன. 1985-இல் சோவியத் தலைவர் கோர்பச்சேவின் மது எதிர்ப்புப் பிரசாரம் வந்தபோது தோட்டங்களையே பிடுங்கினார்கள். தாழி பிழைத்தது வீடுகளில்தான். ஆலைக்குக் கொடுத்ததுபோக மிச்சப் பழத்தை வீட்டுக்காரர்கள் தங்கள் குடும்பத்துக்கென்று பழைய முறையிலேயே செய்துகொண்டார்கள்.

அப்புறம் 2006-இல் ரஷ்யா ஜார்ஜிய வைனுக்குத் தடை போட்டது. பிரதான சந்தையே போய்விட்டது, பலருக்குப் பெரிய அடி. வேறு நாடுகளில் வாங்குகிறவர்களைத் தேடவேண்டி வந்தபோதுதான், வேறு யாரிடமும் இல்லாதது தங்கள் வீட்டுத் தரைக்கடியில் இருப்பது கண்ணில் பட்டது. 2013-இல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பே இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஓஸ்லாவியா ஊரைச் சேர்ந்த யோஸ்கோ கிராவ்னர், நவீன முறையில் வைன் செய்து பேர் வாங்கிய மனிதர், 2000-இல் ஜார்ஜியா போய்ப் பார்த்துவிட்டு அடுத்த வருஷமே தன் வைனைத் தாழிக்கு மாற்றினார்.

இப்போது வீட்டுக்கென்று வைன் செய்துவந்த அந்த ஜார்ஜியக் குடும்பங்களின் வேலையும் மாறிவிட்டது. முன்பு தாழியிலிருந்து குடத்தில் மொண்டால் நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். இப்போது பாட்டிலில் அடைத்து, பரிசோதனை செய்து, கப்பலேற்றி, கெட்டுப்போகாமல் போய்ச்சேர வேண்டும். அது கெடாமல் இருக்கச் சிலர் கொஞ்சம் கந்தகம் சேர்க்கிறார்கள், சிலர் தொடவே மாட்டேன் என்கிறார்கள். கந்தகம் சேர்ப்பதை மரபுக்குத் துரோகம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மோசமாகக் கழுவின தாழியில் புளித்துப்போன வைனை மரபு என்று சொல்லி விற்பது அதைவிடப் பெரிய தப்பு.

எனக்குக் கவலை எல்லாம் குயவரைப் பற்றித்தான். வைன் செய்கிறவரின் படம் பத்திரிகையில் வருகிறது, தாழி செய்கிறவர் பெயர் யாருக்கும் தெரியாது. ககெதி, இமெரெதி பகுதிகளில் ஒரு சில குடும்பங்கள்தான் மிச்சம். பெரிய தாழியைச் சக்கரத்தில் வைத்து வனைய முடியாது. களிமண்ணைத் திரித்து ஒரு சுற்று ஏற்றி, அது தன் எடையைத் தாங்குகிற அளவு காய்ந்தபிறகுதான் அடுத்த சுற்று, அவசரப்பட்டால் சுவர் சரிந்துவிடும், அதனால் வாரக்கணக்கில் ஆகும். சூளையில் நாள்கணக்காகச் சுட்டு, சூடு முழுக்க ஆறும் முன்னே உள்ளே தேன்மெழுகு பூச வேண்டும், அப்போதுதான் அது நுண்துளைகளுக்குள் இறங்கும். எங்காவது ஒரு விரிசல் கண்ணில் படாமல் போனால் ஒரு வருஷ அறுவடை மண்ணுக்குள் ஒழுகிப் போகும். தாழி கேட்டு எத்தனை பேர் வாசலில் நின்றாலும் அந்த மனிதர் நேற்று ஏற்றின சுற்றைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். ஈரம் இருந்தால் நாளைக்குத்தான்.