சருகுமானைப் படம்பிடிக்கும் தானியங்கிக் கேமரா

[காட்சி: இரவு, கருப்பு வெள்ளை. சருகு மூடிய தரையில் ஒரு சிறு விலங்கு கடந்து போகிறது.]

வணக்கம். முயல் அளவுதான் இருக்கிறது, ஆனால் முயல் இல்லை. சிங்கப்பூருக்கென்று காட்டு முயல் கிடையாது. இது சருகுமான். எடை இரண்டு கிலோ அளவில்தான் வரும். கொம்பு இல்லை, ஆணுக்கு மட்டும் மேல்தாடையில் இரண்டு கோரைப்பற்கள் நீண்டிருக்கும். மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் தனியாகத் திரியும். ஆள் நடக்கும் சத்தம் கேட்டாலே மறைந்துவிடும். அதனால்தான் இதை ஆராய்பவர்கள் தானியங்கிக் கேமராவை நம்புகிறார்கள்.

[காட்சி: மரத்தடியில் கட்டிய கேமரா, அருகில்.]

இந்தக் கேமராவின் உணரிக்கு அசைவு மட்டும் போதாது, சூட்டில் வித்தியாசமும் வேண்டும். பின்னணியைவிடச் சூடான உடல் ஒன்று குறுக்கே போனால்தான் அது விழித்துக்கொள்ளும். குளிர்நாட்டில் இதில் சிக்கலே இல்லை. நம் ஊரில் மத்தியானம் 32 டிகிரி. வெயில் விழும் இடத்தில் தரையும் விலங்கின் மேல்ரோமமும் கிட்டத்தட்ட ஒரே சூடு. சருகுமான் நேர் எதிரே போனாலும் படம் விழாமல் போகலாம். ஆனால் வெயில் பட்ட இலை காற்றில் ஆடினால் வெற்றுப் படங்களாக எடுத்துத் தள்ளும்! நல்லவேளை, விடியலிலும் அந்தியிலும் சருகுமான் நன்றாக நடமாடும். அந்த நேரத்தில் உணரியும் நன்றாக வேலை செய்யும்.

சரி, எங்கே கட்டுவது? ஆளுயரத்தில் கட்டினால் சருகுமானின் தலைக்கு மேலே பார்க்கும். முழங்காலுக்குக் கீழே கட்டுங்கள். விலங்கு கேமராவை நோக்கி வராமல் குறுக்கே கடக்கும்படி வையுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைவதால், வெயில் நேராக லென்ஸில் விழாமல் இருக்க வடக்கோ தெற்கோ பார்க்க வைப்பது நல்லது. ஈரத்தை உறிஞ்சக் கேமராவுக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். எறும்பு கூடு கட்டியிருக்கிறதா என்றும் அடிக்கடி பாருங்கள்.

[காட்சி: புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேலே மரங்கள் அடர்ந்த பாலம்.]

2013-இல் கட்டி முடித்த இந்த விலங்குப் பாலத்தை எந்தெந்த உயிர்கள் பயன்படுத்துகின்றன என்பதையும் இப்படிப்பட்ட கேமராக்கள்தான் காட்டுகின்றன. எறும்புதின்னி இதைக் கடந்ததைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

படம் விழவில்லை என்பதால் விலங்கு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சருகுமானில் இன்னொரு இனமான பெரிய சருகுமான் சிங்கப்பூரில் அழிந்துவிட்டதாகவே பல காலம் நினைத்திருந்தார்கள். அது புலாவ் உபின் தீவில் உயிரோடு இருப்பதை அறிவித்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 2009-இல். கேமராவை வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும்.

அப்புறம், இயற்கைக் காப்பகத்துக்குள் ஆய்வுக் கருவி வைக்க தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி கட்டாயம். முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு, பிறகு கேமரா வாங்குங்கள்.