கடலைத் தூர்த்த கணக்கில் எது விடுபடுகிறது?

காட்சி: சிங்கப்பூர், தெலுக் ஆயர் ஸ்திரீட், நாகூர் தர்கா முகப்பு.

குரல்: சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை கட்டிய தர்கா இது. அப்போது எதிரே கடல். இப்போது அலுவலகக் கட்டடங்கள். அவற்றைத் தாண்டி மரினா பே வரை நடந்தாலும் கண்ணில் படுவது கடல் இல்லை, நீர்த்தேக்கம்!

காட்சி: சிங்கப்பூர் வரைபடம், கரையோரம் மெல்ல விரிகிறது.

குரல்: 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று சுமார் 735. மரின் பரேட் வீடுகள், ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, ஏழு தீவுகளை ஒட்டிச் சேர்த்த ஜூரோங் தீவு எல்லாம் நிலமீட்பில், அதாவது கடலைத் தூர்த்து நிலமாக்கியதில், கிடைத்தவை. அங்கே குடியிருந்துகொண்டே நிலமீட்பைத் திட்டுவது சுலபம். அதனால் கணக்கை ஒழுங்காகப் பார்ப்போம்.

காட்சி: கடலுக்கடியில் பவளம், கலங்கிய நீர்.

குரல்: மண் விழுந்த இடத்தில் இருந்த கடற்புல்லும் பவளமும் அப்போதே புதைந்துவிடும். அது கண்ணுக்குத் தெரிந்த இழப்பு. தெரியாதது அக்கம்பக்கத்தில் நடக்கிறது. கொட்டும்போதும் தோண்டும்போதும் கிளம்பும் வண்டலை நீரோட்டம் இழுத்துப்போகிறது. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிதான் வெயிலை வைத்து அதற்குச் சோறு போடுகிறது. நீர் கலங்கினால் வெளிச்சம் இறங்காது. மேலே படியும் வண்டலைத் தள்ளவும் பவளம் தன் சக்தியையே செலவழிக்க வேண்டும். சிங்கப்பூர் தன் பவளத்திட்டுகளில் பாதிக்கு மேல் இழந்துவிட்டது. துவாஸ் துறைமுகத்துக்காகச் சில பவளங்களைப் பெயர்த்து வேறு தீவுகளருகே நட்டார்கள். நல்ல காரியம்தான், ஆனால் திட்டு முழுவதையும் பெயர்க்க முடியாதே.

காட்சி: புலாவ் உபின் தீவு, செக் ஜாவா.

குரல்: தூர்க்கவிருந்த செக் ஜாவா கரையைப் பார்க்க 2001இல் மக்கள் திரண்டார்கள். அரசாங்கம் திட்டத்தைத் தள்ளிவைத்தது. கவனிக்கவும், தள்ளிவைத்தது.

காட்சி: மணல் ஏற்றிய தோணிகள்.

குரல்: சரி, மணல் எங்கிருந்து வந்தது? என் பார்வையில் கணக்கு இடிக்கும் இடம் இதுதான். மலேசியா 1997இல் ஏற்றுமதியைத் தடுத்தது, இந்தோனேசியா 2007இல், கம்போடியா 2017இல். கம்போடியாவின் கோ கோங் பகுதியில் மணல் அள்ளியபோது மீனும் நண்டும் குறைந்துபோனதாக மீனவர்கள் முறையிட்டார்கள். மணல் எடுக்கும் நாட்டின் சட்டத்தை மதிப்பது இறக்குமதி செய்பவரின் பொறுப்பு என்பது சிங்கப்பூரின் நிலைப்பாடு. சட்டப்படி சரி. ஆனால் அந்த நண்டு நம் செலவுப் பட்டியலில் ஏறாது.

காட்சி: புலாவ் தேக்கோங் தீவு, கரைச்சுவர், பம்புகள்.

குரல்: தேக்கோங்கில் 2016இல் தொடங்கியது வேறு வழி. சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே இருக்கும் நீரை இறைத்து, கடல்மட்டத்துக்குக் கீழேயே நிலம் அமைப்பது. மணல் குறைவாகப் போதும். பம்பு மட்டும் என்றைக்கும் ஓடவேண்டும். கடலடி எப்படியும் போய்விடும்.

காட்சி: ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை.

குரல்: அப்புறம் 2023இல் அறிவித்த லாங் ஐலண்ட் நிலமீட்புத் திட்டம், சுமார் 800 ஹெக்டர். உயரும் கடலிலிருந்து தாழ்வான ஈஸ்ட் கோஸ்டைக் காப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆகவே வேண்டாம் என்று சொன்னாலும் செலவு உண்டு. அந்தத் திட்டத்துக்கான ஆய்வு முடிவுகள் வந்ததும் நான் முதலில் தேடப்போவது பவளத்தை அல்ல, எவ்வளவு மணல், யாருடைய கரையிலிருந்து என்பதை.