கலைக்க அவசரம் வேண்டாம்

வணக்கம் நேயர்களே. வீட்டுக்குப் பின்னால் தக்காளி போடுகிறவர்களுக்கு நான் சொல்லப்போகும் இலைச்சுருள் நோய் பழக்கமானதுதான். நுனி இலை கிண்ணம்போல் சுருளும், செடி குட்டையாகவே நின்றுவிடும். இலையைத் தொட்டால் மாவு உதிர்ந்ததுபோல் வெள்ளை ஈ எழும்பும். பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் பருத்திக்கு வரும் இலைச்சுருள் வைரஸைச் சுமப்பதும் இந்த ஈதான். பாகிஸ்தானின் முல்தான் பக்கம் அதை 1967இல் கண்டார்கள். 1990களில் அது பஞ்சாபின் பருத்தியைப் பெரிதாக அழித்தது. ஒரு தடவை தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அதனால்தான் செடிக்குச் செடி எவ்வளவு இடம் விடுகிறோம், கூடுதல் நாற்றுகளை எப்போது பிடுங்கிக் கலைக்கிறோம் என்பதைப் பற்றிப் பேச வந்தேன்.

எங்கள் ஆயா இங்கே நேட்டாலில் உள்ள டொங்காட்டில் வேர்க்கடலை போடுவார். ஒரு வருடம் அப்பா நூல் பிடித்து, தாராளமாக இடம் விட்டு விதைத்தார். பக்கத்துப் பாத்தியில் ஆயா கைபோன போக்கில் நெருக்கமாகப் போட்டார். “காற்றோட்டம் வேண்டாமா?” என்று அப்பா சத்தம் போட்டார். ஆயா பதில் சொல்லவில்லை, மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனார். அந்த வருடம் கடலைக்கு ரோசெட் நோய் வந்தது. அசுவினி பரப்புகிற வைரஸ் நோய் அது. அப்பாவின் பாத்தியில் மஞ்சளாகிக் குறுகிய செடிகள் எத்தனை! ஆயா பாத்தியிலும் இருந்தன, தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சரி, ஏன்? வெறும் மண்ணுக்கு நடுவே பச்சை தனித்துத் தெரிந்தால் அசுவினி அங்கே இறங்கும். இலை மூடிய தரையில் அந்த வேறுபாடு மங்கிவிடும். வந்திறங்கும் பூச்சியும் கூடுதலான செடிகளுக்குப் பங்காகிப் போகும்.

பருத்திக்கு வருவோம். வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 30 என்றால் ஹெக்டேருக்குச் சுமார் 44,000 செடி. 15 ஆக்கினால் அதைப்போல் இரு மடங்கு. குட்டையாகிப்போன செடி விட்ட இடத்தில் பக்கத்துச் செடி கிளை விரித்துக்கொள்ளும். இடம் வீணாகாது. அகலமாக நட்ட வயலில் நோயுற்ற ஒவ்வொரு செடியும் ஒரு பொத்தல், அவ்வளவுதான்.

ஆனால் நோய் இல்லாத வருடத்தில் இதே நெருக்கம் கெடுதலும் செய்யும். அடியில் வெளிச்சம் இல்லாமல் சப்பை, அதாவது பூ மொட்டு, உதிரும், காய் அழுகும். மருந்து தெளித்தால் இலையின் அடிப்புறம் போய்ச் சேராது. ஈ இருப்பதோ அங்கேதான். ஆகவே நோய் அடிக்கடி வருகிற இடத்தில் நான் சொல்வது இதுதான்: விதையை நெருக்கமாகப் போடுங்கள், கலைத்து விடுவதை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். சுருண்ட செடி எது என்று தெரியட்டும், அப்புறம் அதையே பிடுங்கி இடம் விடுங்கள். நல்ல செடியை முதலிலேயே பிடுங்கிவிட்டு, நோய்க்கு ஆகப்போவதைக் காவல் காப்பது எனக்கு மனம் ஒப்பாத வேலை.

நேரம் ஆகிவிட்டது என்கிறார்கள். நம் தென்னாப்பிரிக்காவின் பார்பர்டனில் உருவான யு4 பருத்தியைப் பற்றிச் சொல்ல ஆசைப்பட்டேன். அதன் இலை முடி தத்துப்பூச்சியைத் தடுத்தது; முடியுள்ள இலை வெள்ளை ஈக்குப் பிடித்தமானது என்பது வேறு கதை. விதைக்கும் நாளும் முக்கியம், செடி பெரிதான பிறகு தொற்றினால் இழப்பு குறைவு. வணக்கம்.