சந்தேகங்களுக்கு விளக்கம்: ‘மிஸ், மண்ணு தனியா பிரிஞ்சிடுச்சு’

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்ல. கேட்டவங்க பி.எட். இரண்டாம் வருஷம். கற்பித்தல் பயிற்சியில ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாங்க. உரைநடைன்னா தடுமாற்றம் இல்லையாம், செய்யுள்னா குரலே நடுங்குதாம். குறுந்தொகை நாற்பதாம் பாட்டு, ‘யாயும் ஞாயும்’ எடுத்திருக்காங்க. டம்ளர் தண்ணியில செம்மண்ணைக் கலக்கிக் காட்டியிருக்காங்க. பத்து நிமிஷம் கழிச்சு ஒரு பையன், ‘மிஸ், மண்ணு அடியில தங்கி தனியா பிரிஞ்சிடுச்சு’ன்னு சொல்லியிருக்கான். வகுப்பே சிரிச்சிருக்கு. ‘எனக்குப் பதில் வரல. தைரியம் எப்படி வரும்?’னு கேக்குறாங்க.

அந்தப் பையன் பாட்டோட நடு மையத்துக்கே வந்துட்டான்! இந்தப் பாட்டுக்கு ஒரு துறைக்குறிப்பு, அதாவது யார் யார்கிட்ட எப்பச் சொன்னதுங்கிற குறிப்பு இருக்கு. தலைவன் பிரிஞ்சு போயிடுவானோன்னு தலைவி அஞ்சுறா. அவ முகம் மாறினதைப் பார்த்துட்டு அவன் சொல்றதுதான் இந்த அஞ்சு வரி: என் தாயும் உன் தாயும் யாரோ, என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில உறவு, நானும் நீயும் எப்படி அறிஞ்சோம்? ஆனா செம்மண்ல விழுந்த மழைத் தண்ணி மாதிரி நம்ம அன்பு நெஞ்சங்கள் கலந்துடுச்சு. பிரிஞ்சிடுமோங்கிறதுதான் தலைவியோட பயமே. ‘நீ கேட்டதைத்தான் அவளும் கேக்குறா. அவன் என்ன பதில் சொல்றான்னு பார்ப்போம்’னு சொல்லியிருந்தா போதும், சிரிச்ச வகுப்பு பாட்டுக்குள்ள வந்திருக்கும்.

டம்ளர்ல என்ன தப்புன்னா, அங்க தண்ணி நிறைய, மண் கொஞ்சம். ஆடாம வெச்சா மணல் சீக்கிரமே அடியில தங்கிடும். பாட்டுல இருக்கிறது செம்புலம், செம்மண் நிலம். அது மேல விழுற பெயல்நீர், மழைத் தண்ணி. அதனால ஒரு வெள்ளைத் தட்டுல ரெண்டு கைப்பிடி காஞ்ச செம்மண்ணைக் கல் பொறுக்கிட்டுப் பரப்புங்க. ரெண்டு ஸ்பூன் தண்ணியைக் கையால தெளிங்க, ஊத்தாதீங்க. தட்டை முதல் பெஞ்சுல குடுத்து, ‘இப்ப அந்தத் தண்ணியை மட்டும் எடுத்துக் குடு’ன்னு கேளுங்க. செம்மண் கிடைக்காத ஊர்ல கரிசல் மண்ணே போதும். தண்ணி விழுந்த மண்ணோட நிறத்தை எடுத்துக்குதுங்கிறதுதான் பிள்ளைங்க கண்ணுல படணும். பாடினவரோட சொந்தப் பேரே நமக்குக் கிடைக்கல, இந்த உவமையை வெச்சுத்தான் செம்புலப்பெயல்நீரார்னு சொல்றோம்.

சரி, தைரியம். அதைவிட, ‘பாட்டை எப்படி வாசிக்கணும்?’னு நீங்க கேட்டிருக்கலாம். நம்ம பேச்சைத் தொடர்ந்து கேக்குறவங்களுக்குத் தெரியும், மூணு தடவை வாசிக்காம அர்த்தம் சொல்லாதீங்கன்னு எப்பவும் சொல்வேன். இப்பவும் அதேதான். பயிற்சிக்குப் போறவங்க பாடத்திட்டத்துல எழுதின வரிசைப்படியே ஆசிரியர் குறிப்பு, நூல் குறிப்பு, சொற்பொருள்னு ஆரம்பிச்சுடுறாங்க. பதினஞ்சு நிமிஷம் போயிடும், பாட்டு யார் காதுலயும் விழுந்திருக்காது. கடைசி பெஞ்சு பேச ஆரம்பிக்கும், உங்க குரல் இறங்கும். நடுக்கம் அங்கதான் தொடங்குது.

யார் யார்கிட்ட சொல்றாங்கன்னு ரெண்டே வாக்கியம் சொல்லிட்டு வாசிங்க. காதல் பாட்டுன்னு வகுப்பு சிரிக்கும்னு பயந்து, ‘இது நட்பைப் பத்தின பாட்டு’ன்னு மாத்திடாதீங்க. ஒருத்தி பயந்து நிக்கிறாங்கிறதை முதல்லயே சொல்லிட்டா சிரிப்பு தானா அடங்கும்.

முதல் வாசிப்பு உங்களோடது, நிதானமா. முந்தின நாள் ராத்திரியே பென்சிலால கோடு போட்டு வெச்சுக்குங்க. முதல் மூணு வரி மூணு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் நிறுத்தணும். ‘செம்புலப் பெயனீர் போல’ங்கிற இடத்துல நிறுத்தக் கூடாது, மூச்சை அப்படியே ‘அன்புடை நெஞ்சம்’ வரைக்கும் கொண்டு போகணும். அங்க நிறுத்திட்டா உவமை ஒரு பக்கம், நெஞ்சம் ஒரு பக்கம்னு அறுந்துடும்.

ரெண்டாவது, பிரிச்சு வாசிக்கிறது. நிறையப் பேர் தடுக்கி விழுற இடம் ‘எம்முறைக் கேளிர்’. ‘எம்’னா எங்கள்னு நினைச்சு, ‘எங்க முறை உறவினர்’னு சொல்லிடுறாங்க. பொருள் தலைகீழாயிடும். அது எ, முறை. எந்த முறையில உறவு, ஒரு உறவும் இல்லையேங்கிறான். சந்தேகம் இருந்தா அடுத்த வரியைப் பாருங்க, ‘எவ்வழி’. அங்கயும் அதே ‘எ’தான். என் தாய் யாய், உன் தாய் ஞாய். என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை. இந்த நாலையும் கரும்பலகையில ஜோடியா எழுதிட்டா சொற்பொருள்ல பாதி முடிஞ்சது.

மூணாவது, வகுப்பு உங்க பின்னாடி வரி வரியா சொல்லட்டும். அதுக்குள்ள பாட்டு உங்களுக்கு மனப்பாடமா இருக்கணும், புத்தகத்தைக் குனிஞ்சு பார்க்கக் கூடாது. கண்ணு பிள்ளைங்க மேல இருந்தா எவன் உதடு அசையலைன்னு தெரியும், அவன் பக்கம் ரெண்டு அடி நடந்து போய் அடுத்த வரியைச் சொல்லுவீங்க. நடுங்கின குரல் பெரும்பாலும் இந்த மூணாவது சுற்றுல நிலைச்சுடும். முப்பது நாப்பது குரல் உங்களோட சேர்ந்து வருதில்லையா!

அடுத்த பீரியட்ல, மண்ணு பிரிஞ்சிடுச்சுன்னு சொன்ன பையனையே எழுப்பி அஞ்சு வரியையும் வாசிக்கச் சொல்லுங்க. கடைசியா வர்ற ‘தாங்கலந்தனவே’ல (தாம் கலந்தனவே) தடுக்குவான், ‘தாங்கல்’னு பிரிப்பான். திருத்தாம, ‘தாம்’னு மட்டும் மெதுவா எடுத்துக் குடுங்க. மிச்சத்தை அவனே சொல்லுவான்.