இன்னும் உள்ளே இருக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பொருளைப் பகுக்கப் பகுக்க இன்னும் நுண்ணிய துகள் உண்டா, குவார்க்கோடும் எலக்ட்ரானோடும் கணக்கு முடிந்ததா?' என்பது தலைப்பு. அணுக்கருவிலுள்ள புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே இருக்கும் துகள்தான் குவார்க். 'இன்னும் உண்டு' என்ற அணிக்காக நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒன்று சொல்லிவிட்டு அமர்ந்தார். கைதட்டலும் வாங்கினார். "அரை நூற்றாண்டாகக் குவார்க்கின் கதவைத் தட்டுகிறீர்கள். யாரும் திறக்கவில்லை. உள்ளே ஆள் இல்லை ஐயா, கிளம்புங்கள்!" என்றார். நான் எழுதி வந்ததை ஓரமாக வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கப்போவதில்லை.

கதவு தட்டிய கதைதானே வேண்டும்? 1909. மான்செஸ்டர் பல்கலைக்கழகம். எர்னஸ்ட் மார்ஸ்டன் என்று ஒரு மாணவர். வயது இருபது. அவருக்கு ஆய்வுப் பழக்கம் வரட்டும் என்று அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த ரதர்ஃபோர்டு ஒரு சின்ன வேலை கொடுக்கிறார். உலோகத் தகட்டின்மீது, கதிரியக்கப் பொருளிலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்களைப் பாய்ச்ச வேண்டும்; ஏதாவது ஒன்று பெரிய கோணத்தில் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பும் என்று ரதர்ஃபோர்டே நம்பவில்லை!

அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? இருட்டறை. கண் இருளுக்குப் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, துத்தநாக சல்பைடுத் திரையில் துகள் மோதும்போது தோன்றி மறையும் மினுக்கை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கண் இமைத்தால் ஒன்று போயிற்று. இதற்கென்று கருவி கிடையாது, கண்தான் கருவி. ரதர்ஃபோர்டின் உதவியாளர் ஹான்ஸ் கைகரும் அந்தப் பையனும் எண்ணினார்கள். தகட்டுக்குப் பின்னால் திரையை வைத்தால் மினுக்கு வரும், அது எல்லாருக்கும் தெரியும். இவர்கள் திரையை முன்பக்கமாக வைத்தார்கள். துகள் புறப்படுகிற அதே பக்கத்தில்!

மினுக்கு வந்தது.

நடுவர் அவர்களே, இன்னொரு முறை சொல்கிறேன். இருட்டு. இருபது வயதுப் பையன். ஒன்றும் வராது என்று ஆசிரியரே நினைத்த இடம். அங்கே மினுக்கு வந்தது! ஏறக்குறைய 8,000 துகள்களில் ஒன்று, வந்த வழியே திரும்பிப் பாய்ந்தது. தன் வாழ்நாளில் அதைப்போல நம்ப முடியாத நிகழ்ச்சி நடந்ததே இல்லை என்று ரதர்ஃபோர்டு பிற்காலத்தில் சொன்னார். அதற்கு விளக்கம் சொல்ல அவருக்கே 1911 வரை ஆயிற்று. அணுவின் நடுவில், அணுவின் அகலத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடத்துக்குள், ஏறக்குறைய அதன் எடை முழுவதும் ஒடுங்கிக் கிடக்கிறது. அதுதான் அணுக்கரு.

எதிரணித் தலைவர் அன்று அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? 7,999-ஆவது துகள் நேராகப் போனதும், "தம்பி, உள்ளே ஆள் இல்லை, விளக்கைப் போடு" என்றிருப்பார்!

சரி, அடுத்த தட்டல். 1964-இல் மரே கெல்-மான், ஜார்ஜ் ஸ்வைக் என்ற இரு இயற்பியலாளர்கள் தனித்தனியே குவார்க் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அது வெறும் கணக்கு வசதி என்று பலர் ஒதுக்கினார்கள். 1968-இல் ஸ்டான்ஃபோர்டில், துகள்களை விரைவாக்கும் 3 கிலோமீட்டர் நீள முடுக்கியிலிருந்து எலக்ட்ரான்கள் புரோட்டான்மீது பாய்ந்தன. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானவை பெரிய கோணங்களில் தெறித்தன. மீண்டும் அதே கதை! புரோட்டானுக்குள்ளேயும் ஆள் இருந்தார்கள். மெதுவாகத் தட்டியபோது கேட்கவில்லை; ஓங்கித் தட்டியபோது கேட்டது.

இன்று புரோட்டானின் அகலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை தட்டிப் பார்த்துவிட்டோம், குவார்க்குக்குள் அமைப்பு எதுவும் தென்படவில்லை என்கிறார்கள். உண்மைதான். அணுவிலிருந்து அணுக்கருவை எட்டவும் பல்லாயிரம் மடங்கு இறங்க வேண்டியிருந்தது. பாதி வழியில் எடுத்த முடிவைத் தீர்ப்பு என்று எப்படி ஏற்பது?

உள்ளே ஏதோ இருக்கிறது என்பதற்கு அடையாளம் உண்டா? உண்டு. 1869-இல் மெண்டலீவ் தனிமங்களை வரிசையில் வைத்தார். பண்புகள் திரும்பத் திரும்ப வந்தன. காரணம் அணுவுக்குள் இருந்தது. அது தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்றும் எலக்ட்ரான், அதன் உடன்பிறப்புகள் போன்ற மியூவான், டாவ் என்று மூன்று தலைமுறைத் துகள்கள். மின்னூட்டம் ஒன்றே, எடை மட்டும் வேறு. மியூவான் எலக்ட்ரானைப் போல் 207 மடங்கு. ஏன் மூன்று? ஏன் 207? யாரும் சொல்லவில்லை. எலக்ட்ரானுக்குள் இன்னொரு துகள் இருந்தால், அவ்வளவு சிறிய இடத்தில் அதை அடைக்கும்போது ஆற்றல் பொங்குமே, ஆற்றல் கூடினால் எடையும் கூடுமே, பிறகு எலக்ட்ரான் எப்படி இத்தனை இலேசாக இருக்கிறது என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். நல்ல கேள்வி. விடை என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை. விடை தெரியாத கேள்வி தேடச் சொல்கிறதா, திரும்பிப் போகச் சொல்கிறதா?

மணி அடித்துவிட்டது. ஒருவரைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், நடுவர் அவர்களே.

ஜேம்ஸ் சாட்விக். கைகரிடம் பயில பெர்லின் போன இங்கிலாந்து இளைஞர். 1914-இல் போர் மூண்டது. எதிரி நாட்டவர் என்று பிடித்து, ரூலேபென் குதிரைப் பந்தயத் திடலில் அடைத்துவிட்டார்கள். குதிரை லாயத்தில், குளிரில், அரைவயிற்றோடு நான்கு ஆண்டுகள். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. கதிரியக்கத் தோரியம் கலந்த பற்பசை அப்போது விற்பனையில் இருந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்டு ஆய்வு செய்தார்! விடுதலையாகி ரதர்ஃபோர்டிடம் போய்ச் சேர்ந்தார். அணுக்கருவில் மின்னூட்டம் இல்லாத துகள் ஒன்று இருக்கக்கூடும் என்று 1920-இல் ரதர்ஃபோர்டு சொன்னார். சாட்விக் தேடினார். கிடைக்கவில்லை. வேறு வழியில் தேடினார். அப்போதும் கிடைக்கவில்லை. 1932-இல் நியூட்ரான் கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! "ஆள் இல்லை, கிளம்பு" என்று அந்த மனிதரிடம் யாராவது சொல்லியிருந்தால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

இதோ, இந்த அரங்கின் முன்வரிசையிலும் மார்ஸ்டன் வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். "எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது, உங்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது, நடுவர் அவர்களே. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.