கல் கட்டுக்குள் போகும் சிமென்ட் பால்

நேயர்களுக்கு வணக்கம். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. கல்லைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடி. நல்ல காரைதான், ஆனால் வருடக்கணக்கில் தண்ணீர் கசிந்தால் சுண்ணாம்பு கரைந்து வெளியேறும். பழைய அணைகளின் சுவரில் மெழுகு வழிந்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது உள்ளே இருந்த சுண்ணாம்பு. அது வெளியே வந்த அளவுக்கு உள்ளே பொந்து. இந்த வகை அணை தன் எடையால்தான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. சுண்ணாம்பு போனால் எடையும் போகிறது.

அதனால்தான் 1930-களிலும் 1960-லும் பெரியாறு அணைக்குள் துளை போட்டு சிமென்ட் கரைசலைச் செலுத்தினார்கள். அணையின் உச்சியில் எடைக்காக வைத்த கான்கிரீட் தொப்பி, அணையை அடிப்பாறையோடு இழுத்துக் கட்டிய கேபிள், பின்புறம் முட்டுக் கொடுத்த கான்கிரீட் எல்லாம் 1979-க்கு அப்புறம் வந்தவை.

கிரவுட்டிங் என்கிற இந்த வேலையில் முதலில் துளைகளைக் கழுவ வேண்டும். பிறகு மோர் போல நீர்த்த கலவை. துளை குடித்துக்கொண்டே போனால் கொஞ்சம் கெட்டியாக்கலாம். முதலில் தள்ளித் தள்ளித் துளை போட்டு நிரப்பி, அப்புறம்தான் இடையில் போடுவது. மயிரிழை விரிசலுக்குள் சாதாரண சிமென்ட் போகாது, அதன் துகள்களே அதைவிடப் பெரிது.

அழுத்தம்தான் ஆபத்தான விஷயம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பழைய வளைவுப் பாலத்தில், துளை கலவையை வாங்கவில்லை என்று பம்பைக் கூட்டச் சொன்னேன். சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்ற கொத்தனார் கத்தினார்: "சார், கல்லு நகருது, மெஷினை நிறுத்துங்க!" நிறுத்தினோம். முகப்புக் கல் ஒன்று விரல் கனம் வெளியே தள்ளியிருந்தது. பத்தடி தள்ளி ஒரு மூட்டிலிருந்து சாம்பல் நிறப் பால் வழிய, ஒரு பையன் சணலைத் திணித்து அடைத்துக்கொண்டிருந்தான். எங்கள் துளைக்கும் அந்த மூட்டுக்கும் உள்ளே வழி இருந்தது எந்த வரைபடத்திலும் இல்லை.

இதையே கோயில் மதிலுக்கும் செய்யலாமா என்று கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். சுண்ணாம்புக் காரையைவிட சிமென்ட் மிகவும் விறைப்பு. அதிலுள்ள உப்பு ஈரத்தோடு வெளியே வந்து கல்லின் முகத்தை அரிக்கும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. அங்கே சுண்ணாம்புக் கரைசலே போதும். இறுக நாளாகும், அதனால் ஒப்பந்தக்காரருக்குத்தான் பிடிக்காது.