பால் எர்லிக்கும் ஒரு குன்றின் பட்டாம்பூச்சியும்

வணக்கம் நேயர்களே. அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மக்கள்தொகை பற்றி அவர் 1968-இல் வெளியிட்ட புத்தகம். எழுபதுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று அதில் அடித்துச் சொன்னார். அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. வீரிய ரகக் கோதுமையும் நெல்லும் முந்திக்கொண்டன. அன்று சுமார் 350 கோடியாக இருந்த மக்கள்தொகை, 2022-இல் 800 கோடியைத் தொட்டது. ஐந்து உலோகங்களின் விலை ஏறும் என்று பொருளியலாளர் ஜூலியன் சைமனோடு 1980-இல் பந்தயம் கட்டி, அதிலும் தோற்றுக் காசோலை அனுப்பினார்.

சரி, அவருடைய சொந்தத் தொழிலுக்கு வருவோம். எனக்கு அவர்மேல் மதிப்பு வந்ததே அங்கேதான்.

கலிபோர்னியாவில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜாஸ்பர் ரிட்ஜ் குன்றில், 'பே செக்கர்ஸ்பாட்' என்ற பட்டாம்பூச்சியைப் பல்லாண்டு கவனித்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து, இறக்கையில் மையால் குறியிட்டு விடுவார்கள். மறுபடி பிடித்தால் பெரும்பாலும் அதே இடத்தில்தான் அகப்படும். குறுக்கே தடுப்பு எதுவும் இல்லை. ஆனாலும் பக்கத்துத் திட்டுக்குப் போவது அபூர்வம். ஒரே கூட்டம்போலத் தெரிந்தது உண்மையில் மூன்று கூட்டங்கள். ஒன்று பெருகும் வருடத்தில் இன்னொன்று தேயும்.

இதன் புழுவுக்கு ஒரு குட்டிச் செடிதான் முக்கிய உணவு. கோடையில் செடி காய்வதற்குள் ஓரளவு வளர்ந்துவிட்ட புழு, உறங்கிக் கிடந்து மழைக்கு எழும். வளராதது செத்துப்போகும். மழை தாறுமாறான வருடங்களில் பெரும்பாலானவை அப்படித்தான் போயின. தொண்ணூறுகளின் முடிவில் ஜாஸ்பர் ரிட்ஜில் ஒன்றுகூட மிச்சமில்லை. இத்தனைக்கும் அது பாதுகாக்கப்பட்ட நிலம்.

அப்புறம் அதே மாநிலத்தின் சான் ஹோசே நகரப் பக்கம், இதே பட்டாம்பூச்சிக்கு வேறொரு கதை. அங்கே செர்பன்டைன் பாறை மண்ணில் நைட்ரஜன் மிகக் குறைவு. வெளியிலிருந்து வந்த புல் அதில் தழைக்காது. அதனால்தான் அந்தக் குட்டிச் செடி பிழைத்திருந்தது. கார் புகையில் வந்த நைட்ரஜன் மண்ணில் படிந்து உரமாக, புல் மண்டிச் செடியை அமுக்கிவிட்டது. மாடு அந்தப் புல்லை மேய்ந்த இடங்களில் பட்டாம்பூச்சி தங்கியது. மேய்ச்சலை நிறுத்திய இடங்களில் சில வருடங்களில் காணாமல் போனது. ஸ்டூவர்ட் வைஸ் என்ற ஆய்வாளர் 1999-இல் இதை விளக்கி எழுதினார்.

மனிதர் விஷயத்திலும் தலைக்கணக்கு மட்டும் போதாது என்பது எர்லிக்குக்கும் தெரியாததல்ல. சுற்றுச்சூழல்மேல் நாம் ஏற்றும் சுமையை அறிய, எத்தனை பேர், ஆளுக்கு எவ்வளவு நுகர்கிறோம், எந்தத் தொழில்நுட்பத்தால் என்ற மூன்றையும் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று எழுபதுகளின் தொடக்கத்திலேயே இயற்பியலாளர் ஜான் ஹோல்ட்ரனோடு சேர்ந்து எழுதியவர் அவர். ஊர் காதில் விழுந்தது என்னவோ முதல் எண் மட்டும்தான். சான் ஹோசே குன்றுகளில் இப்போது பட்டாம்பூச்சிக்காகவே மாடு மேய்க்கிறார்கள்.